பஸ்ஸைக் கூலியாக்காதீர்கள்

அன்புள்ள சார்,

பெங்களூர் மாரத்தஹள்ளியில் இருக்கிறோம். சொந்த ஊர் சேலம் பக்கம். மகனுக்கு 9 வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், வெளியில் கன்னடம். மூன்றும் சேர்ந்து குழப்புவதால்தான் பேச்சு சரியாக வரவில்லை, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று தெரபி சென்டரில் சொல்கிறார்கள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழை விட்டுவிடலாமா? அல்லது சேலத்துக்கே திரும்பிவிடலாமா?

மற்றபடி முன்னேற்றம் உண்டு. எந்நேரமும் பிஎம்டிசி (பெங்களூர் டவுன் பஸ்), ரூட் நம்பர் என்றே இருப்பான். அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். பஸ் படமெல்லாம் பீரோவில் பூட்டியாயிற்று. கண்ணைப் பார்த்துப் பேசினால், ஒரு பக்கம் எழுதினால் டோக்கன். ஐந்து டோக்கனுக்குப் பத்து நிமிடம் பஸ் வீடியோ. முதலில் நன்றாக வேலை செய்தது. இப்போது டோக்கனைத் தூக்கி எறிகிறான், கையைக் கடித்துக்கொள்கிறான். கன்னட எழுத்து மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே படிக்கிறான். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

தமிழை விடாதீர்கள். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பாட்டியை வாயடைத்து உட்காரவைத்துவிட்டுப் பேரனுக்குப் பேச்சு வரவழைக்க முடியாது. சேலம் போவதும் போகாததும் உங்கள் வேலை, வாடகை சம்பந்தப்பட்டது. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. 'கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தின் கடைசியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று திரும்பப் படியுங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு குழந்தை கன்னடம் படிக்கிறது. எங்கிருந்து கற்றான்? பஸ் போர்டிலிருந்து. மாரத்தஹள்ளி பாலத்தடியில் நின்றால் ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் ஓடுகிற 500டி வரும், மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து காடுகோடி போகிற 335ஈ வரும். போர்டில் கன்னடமும் ஆங்கிலமும் மாறி மாறி ஓடும். உங்கள் மகன் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு மொழியின் எழுத்தையே எடுத்துக்கொண்டுவிட்டான். ஒரு டோக்கன்கூடச் செலவாகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் என்று மூன்று ஆய்வாளர்கள் 2005-இல் ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மோனோட்ரோபிசம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. வென் லாசனுக்கும் ஆட்டிசம் உண்டு. மனிதனுக்குக் கவனம் என்பது அளவோடுதான் இருக்கிறது; பெரும்பாலானவர்களுக்கு அது ஒரே நேரத்தில் பல விஷயங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது; ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டில் முழு வேகத்தோடு இறங்குகிறது. சுருக்கமாக அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் மொத்தமும் ஒரே வாய்க்காலில் போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்கால் நிரம்பி ஓடும். பக்கத்துப் பாத்திக்குத் திருப்ப வேண்டுமென்றால் மண்வெட்டியும் நேரமும் வேண்டும்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் புரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அனேகமாக எல்லாப் பெற்றோரும் காது டெஸ்ட் எடுத்திருப்பார்கள். பெரும்பாலும் காதில் கோளாறு இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் குரலுக்குக் கொடுக்க அவனிடம் கவனம் மிச்சம் இருக்காது. கண்ணைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் கேட்பது கஷ்டம் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எத்தனையோ பேர் சொல்லியாகிவிட்டது. அதற்கும் டோக்கனா? உங்கள் முகத்தைப் பார்க்க உங்கள் மகனுக்கு நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள், நண்பரே. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாமா ஒருவர் ஸ்ரீராமபுரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க மட்டும் இடம். பெங்களூரில் 1961-இல் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை வந்த பிறகு, எங்கள் சனத்தில் யார் கையைப் பார்த்தாலும் எச்எம்டிதான். மாமாவுக்கு ஜனதா மாடல்மேல் உயிர். சாவி கொடுக்கிற வாட்ச், உள்ளே 17 ஜுவல் கல். காதில் வைத்தால் விநாடிக்கு ஐந்து அடி கேட்கும். நாலு அடி கேட்டதுமே இது எந்தப் பக்கம் படுக்கவைத்தால் ஸ்லோ ஆகும் என்று சொல்லிவிடுவார். கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். சொந்தக்காரர்கள் பெயர் பாதி தெரியாது, யாருடையது என்ன வாட்ச் என்று மட்டும் தெரியும். அவருக்கு ஆட்டிசமா என்று கேட்காதீர்கள். போய்ச்சேர்ந்தவருக்கு நான் சீட்டு எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது அத்தையைப் பற்றி.

அத்தை அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கண்ணில் லென்ஸும் கையில் ட்வீசருமாக அவர் வாட்சுக்குள் இருக்கிற, தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங் சுருளைத் தூக்கிக்கொண்டிருப்பார். அத்தை காபி டம்ளரை அவர் கை தட்டாத இடமாகப் பார்த்து, இடது பக்கம் வைத்துவிட்டு நிற்பாள். அவர் அந்தச் சுருளைக் கீழே வைத்து, தூசி படாமல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுவார். அப்புறம்தான் அத்தை வாயைத் திறப்பாள். அதுவும் "ஓடுதா?" என்றுதான். அவர் சொல்லத் தொடங்குவார். ஆயில் காய்ந்துபோனது, யாரோ தப்பான ஸ்க்ரூ போட்டது, எல்லாம். அத்தை முழுக்கக் கேட்பாள். அதற்குப் பிறகு பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸைப் பற்றிச் சொன்னால் மாமா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒருநாள் தாத்தா பொறுமையில்லாமல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். ட்வீசரில் இருந்த ஸ்க்ரூ எங்கோ தெறித்துவிட்டது. காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தேடினோம். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. 'என்ன பிடிவாதம் பார்' என்றார் தாத்தா. அப்படி உலுக்கப்படுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த வீட்டில் அத்தை ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

உங்கள் மகன் கையைக் கடித்துக்கொள்வதைப் பிடிவாதக் கணக்கில் எழுதாதீர்கள். பள்ளியில் மணியோசை, இரைச்சல், மூன்று மொழி, முப்பது முகம் எல்லாவற்றையும் தாங்கிவிட்டு வீட்டுக்கு வருகிறான். அவன் மனம் ஒன்றுகூடி இளைப்பாறுகிற ஒரே இடம் பஸ். அதைப் பூட்டிவிட்டு, பத்துப் பத்து நிமிடமாக விற்கிறீர்கள். தனக்குப் பிடித்ததை எவர் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்பதைத்தான் அந்த டோக்கன் கற்றுக்கொடுக்கிறது. கிடைக்கிற பத்து நிமிடத்தையும் அவனால் நிம்மதியாகப் பார்க்க முடியாது. எப்போது அணைப்பார்கள் என்ற பயத்திலேயே பார்ப்பான். 'முதலில் நன்றாக வேலை செய்தது' என்கிறீர்கள். பசித்தவனிடம் சோற்றைக் காட்டினால் யாரும்தான் சொன்னதைச் செய்வார்கள்.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற பெயர் இன்றைய பொருளில் பரவியது. அதில் முதல் குழந்தை டொனால்ட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம். அவனை 1942-இல், கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதில், பக்கத்தில் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் விட்டிருந்தார்கள். எதையும் அளந்துகொண்டே இருப்பான். அந்தத் தம்பதி அவனைக் கிணறு தோண்டவைத்து, ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளக்கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணு என்றார்கள். செத்த பறவைகளைப் பொறுக்கி வந்தான். ஒரு மூலையை ஒதுக்கி, புதைத்துப் பெயர்ப்பலகை வைக்க விட்டார்கள். நேரில் போய்ப் பார்த்த கானர் அந்தத் தம்பதியின் அறிவைக் கண்டு வியந்து 1971-இல் எழுதியிருக்கிறார். டொனால்ட் வளர்ந்து ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாக வெளிநாடெல்லாம் போய்வந்தார், 2023-இல்தான் இறந்தார். அந்தத் தம்பதியிடம் எந்தத் தெரபிப் பட்டமும் இல்லை. அவனுடைய எண்ணிக்கையை அவனிடமிருந்து பறிக்காமல், அதோடு சேர்த்தே வேலையைக் கொடுத்தார்கள்.

உடனே, 'அப்படியானால் இவன் பிஎம்டிசியில் பெரிய ஆளாவானா' என்று போய்விடாதீர்கள். பஸ் அவனுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விருந்தாளி வந்தால் '335ஈ எங்கே போகும், மாமாவுக்குச் சொல்லு' என்று நிறுத்திவைப்பதும் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது அவனோடு 335ஈ-யில் மெஜஸ்டிக் வரை போய்வருவது. ஜன்னல் சீட் அவனுக்கு. கேள்வி கேட்காமல் உட்காருங்கள், அவன் சொல்வதைக் கேளுங்கள். டிக்கெட் காசை அவன் கொடுக்கட்டும், மீதியை அவன் எண்ணட்டும். பாட்டியையும் ஒருமுறை கூட்டிப்போங்கள். ஸ்டாப் பெயர்களை அவளுக்கு அவன் தமிழில் சொல்லிக்கொண்டு வருவான், பாருங்கள். பஸ்ஸைக் கண்டால் ரோட்டில் ஓடுகிற பழக்கம் இருந்தால் கையை விடாதீர்கள், அதில் மட்டும் தளர்வு கூடாது. சாப்பாட்டையும் பாத்ரூமையும் மறந்து உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய், முதலில் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசி, இந்த வீடியோ முடிந்ததும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சட்டென்று அணைக்காதீர்கள்.

பீரோச் சாவியை இன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிடுங்கள். சென்டரில் கேட்டால், எழுத்துப் பயிற்சி தொடரட்டும், பஸ்ஸை மட்டும் இனி பரிசாக வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் வேறு சென்டர் பாருங்கள்.