கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது வைட்டமின் மாத்திரைகள் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்குப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கவிருக்கிறது. உறவினர் ஒருவர், நோயை எதிர்க்கத் துணைபுரியும் என்று சொல்லி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கதிர்வீச்சும் சில கீமோதெரபி மருந்துகளும், செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உருவாக்கி, அவற்றின் மூலம் புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைத்தே அதை அழிக்கின்றன. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டுகளின் வேலையோ அதே மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்வது. நல்ல செல்லை மட்டும் தேடிப் பிடித்துக் காக்க அந்த மாத்திரைக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை.

இது வெறும் ஊகமன்று. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், நீங்கள் குறிப்பிடும் இதே இரு சத்துகளும் கதிர்வீச்சின் பக்கவிளைவுகளை ஓரளவு குறைத்தன என்பது உண்மை. ஆனால், கட்டி அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது கூடும் போக்கும் தென்பட்டது. அதற்கு முன்பே, 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்ட புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது.

பழங்களிலும் காய்கறிகளிலும் இயல்பாக உள்ள அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையில் ஏதேனும் சத்துக் குறைபாடு தெரிந்தால், அதற்குரிய மாத்திரையையும் அளவையும் புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்யட்டும். உறவினர் தந்த புட்டிகளை அடுத்த சந்திப்பின்போது அவரிடம் அப்படியே எடுத்துச் சென்று காட்டுங்கள்.