மெயில்மேனை ரூட்டாக ஓட்டாதீர்கள்

சுங்கை சிப்புட் அண்ணே, தோட்டத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியலில் ஆள் சேர்க்க மெயில்மேன் 3-ஐ (குழு மடல் பட்டியலை நடத்தும் மென்பொருள்) ரூட்டாக, அதாவது சர்வரில் முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டினேன், அப்புறம் மடல் எதுவும் போகவில்லை, லாக்கில் (பதிவுக் கோப்பில்) ‘பெர்மிஷன் டினைட்’, அனுமதி இல்லை என்று வருகிறது என்கிறீர்கள்.

ரூட்டாக ஓட்டினால் அது முதலில் மறுக்கும். நீங்கள் ‘ரன் ஆஸ் ரூட்’ சேர்த்து வற்புறுத்தியிருப்பீர்கள். அப்போது உருவான கோப்புகள் ரூட்டின் பேரில் போயிருக்கும். டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் மெயில்மேன் ஓடுவதோ ‘லிஸ்ட்’ என்ற பயனராக. அதனால் எழுத முடியாமல் முழிக்கிறது.

சேவையை நிறுத்துங்கள். லாக் அடைவிலும் மெயில்மேன்3-இன் தரவு அடைவிலும் ‘எல்எஸ் -எல்’ போட்டு எந்தக் கோப்பு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்; ரூட் பேரில் இருப்பவற்றை மட்டும் உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் கட்டளை கொண்டு லிஸ்ட்டுக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டு, அடைவுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றும் ‘-ஆர்’ போட வேண்டாம். உள்ளே இருக்கும் வெப் அடைவு டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா பயனருடையது. அதையும் மாற்றினால் வலைப்பக்கம் படுத்துவிடும். இனிமேல் கட்டளைகளை லிஸ்ட் பயனராக ஓட்டும் ‘சூடோ -யு லிஸ்ட்’ வழியாகவே ஓட்டுங்கள்.

செயலாளருக்கும் ரூட் கடவுச்சொல் கொடுத்திருக்கிறீர்களே, அது எதற்கு? தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஸ்டோர் சாவியை லயத்து வீடுகளுக்கெல்லாமா கொடுப்பார்? மெயில்மேனின் நிர்வாக வலைப்பக்கமான போஸ்டோரியஸில் அவரைப் பட்டியலின் ஓனராகப் போடுங்கள். ஆள் சேர்க்க, நீக்க அதுவே போதும், சர்வரில் கணக்கே வேண்டாம். ரூட் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.