வெளிநாட்டிலிருந்து கேட்பவருக்குச் சேகரிப்பு நாணயத்தை அனுப்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சேகரிப்பில் மிகுதியாக இருக்கும் நாணயங்களை இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். கூடவே, "சாதாரணத் தபால் உறையில் போட்டால் போதும், சுங்கப் படிவத்தில் பரிசு என்று எழுதிவிடுங்கள்" என்றும் சொல்கிறார். அனுப்பலாமா, உள்நாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?

தாராளமாக அனுப்பலாம். ஆனால் அவர் சொல்லும் வழியில் அனுப்பாதீர்கள். நான் பல ஆண்டுகளாக வெளிநாடுகளுக்கு நாணயம் விற்கிறேன். இரண்டு முறை நன்றாக அடிபட்ட பிறகு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். நாணயத்தின் முழு மதிப்புக்கும் காப்பீடு செய்து அனுப்ப வழி இருக்கும் நாட்டுக்கு மட்டுமே விற்பேன். அப்படி வழி இல்லாத நாட்டிலிருந்து யார் எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுவேன்.

பயந்துகொண்டு வெளிநாட்டு விற்பனையை முழுதாக மூடிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மரியா தெரேசா தாலர் என்ற வெள்ளி நாணயத்தை அறிந்திருப்பீர்கள். அதில் உருவம் பொறித்திருக்கும் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா 1780இல் இறந்தார். செங்கடல் கரையிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் அந்த நாணயத்தைத்தான் நம்பினார்கள் என்பதால், அதற்குப் பிறகும் அதே 1780 என்ற ஆண்டைப் பொறித்தே அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் நகரங்களின் நாணய ஆலைகளிலும் அச்சிட்டார்கள். எது எங்கே அச்சானது என்பதை அரசி உருவத்தின் தோளில் இருக்கும் அலங்கார ஊசியின் முத்துகளையும் மறுபக்கத்துக் கழுகின் வால் இறகுகளையும் வைத்துப் பிரித்தறிகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரே ஊரில் கூடி வாழ்வதில்லை, உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். உள்நாட்டில் அதை எடைக்கு எடை வெள்ளி விலைக்குக் கேட்பார்கள். அதன் அருமை தெரிந்தவர் வேறொரு கண்டத்தில் காத்திருப்பார். நாணயம் அவர் கைக்குப் போவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இத்தனை சிரமமும்.

முதலில் தபால் விதி. உலக அஞ்சல் ஒன்றியம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 1874இல் பெர்ன் நகரில் தொடங்கியது. நாடுகளுக்கிடையே போகும் தபால்கள் அதன் உடன்படிக்கைப்படியே நடக்கின்றன. நாணயம், பணத்தாள், தங்கம், வெள்ளி, நகை போன்றவற்றைக் காப்பீடு செய்யாத தபாலில் வைக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. அனுப்பும் நாடும் பெறும் நாடும் தங்கள் சட்டத்தில் இடம் கொடுத்திருந்தால், மூடிய உறையில் பதிவுத் தபாலாக அனுப்பலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. இதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு தடைப் பட்டியல் வைத்திருக்கிறது. சில நாடுகள் நாணயத்தை அடியோடு மறுக்கின்றன, சில காப்பீட்டுத் தபாலில் மட்டும் ஏற்கின்றன. காப்பீட்டுக்கான உச்சவரம்பும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே விற்பனை அறிவிப்பில் "உலகம் முழுவதும் அனுப்பப்படும்" என்று போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உங்கள் தபால் துறை வெளியிட்டிருக்கும் நாடுவாரிப் பட்டியலை முதலில் திறந்து படித்து, எந்தெந்த நாடு என்று நீங்களே ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் அடி விழுந்தது இந்த விதி தெரியாததால்தான். ஒரு வெள்ளி நாணயத்தைச் சிறிய தாள் உறையில் வைத்து, அதைச் சாதாரணத் தபால் உறைக்குள் போட்டு அனுப்பினேன். வாங்கியவருக்கு உறை போய்ச் சேர்ந்தது. ஓரத்தில் ஒரு நீளக் கிழிசல், உள்ளே ஒன்றும் இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று அன்று கொதித்தேன். திருட்டு நடக்காமலேயே இப்படி ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது. தபால்களைப் பிரிக்கும் இயந்திரம் உறைகளை உருளைகளுக்கு நடுவே வேகமாக வளைத்து இழுக்கிறது. உள்ளே தளர்வாகக் கிடக்கும் நாணயம் ஒரு கத்தியைப் போலத் தாளை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இழப்பீடு கேட்டு எழுதினேன். விதிப்படி அனுமதி இல்லாத பொருளை வைத்ததால் இழப்பீடு கிடையாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். வாங்கியவருக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

தனியார் கூரியர் பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். அவர்களுடைய நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். நாணயமும் விலைமதிப்புள்ள உலோகமும் ஏற்க மறுக்கும் பொருள்களின் வரிசையில் இருக்கும், அல்லது ஏற்றாலும் பொறுப்பு மிகக் குறைந்த தொகையோடு நின்றுவிடும். கவுன்டரில் இருப்பவர் பார்சலை வாங்கிக்கொண்டார், பணம் கட்டி ரசீதும் வாங்கிவிட்டோம் என்பதற்காகக் காப்பீடு செல்லும் என்று ஆகிவிடாது.

இனிச் சுங்கப் படிவம். என்னை அதிகம் படுத்தியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேலே சொன்ன தாலர் ஒன்றை அனுப்பியபோது, உள்ளடக்கம் என்ற இடத்தில் "1780 வெள்ளி நாணயம்" என்று எழுதினேன். நாணயத்தில் பொறித்திருப்பது அதுதானே! போய்ச் சேர்ந்த நாட்டின் சுங்கத்தில் அதைப் பார்த்தவர் இருநூறு ஆண்டுப் பழமையான பொருள் என்று எண்ணி நிறுத்திவிட்டார். தொல்பொருள் அனுமதி எங்கே என்று கேட்டுக் கடிதம் வந்தது. அது 20ஆம் நூற்றாண்டின் மறு அச்சு என்று விளக்கி, படங்களும் விவரங்களும் அனுப்பி, அவர்கள் ஏற்றுக்கொண்டு விடுவிப்பதற்குள் வாங்கியவர் பொறுமை இழந்துவிட்டார். பிழை என்னுடையது. இப்போது "சேகரிப்புக்கான வெள்ளி நாணயம், ஒன்று, 20ஆம் நூற்றாண்டு மறு அச்சு, 1780 என்ற ஆண்டு பொறித்தது, எடை 28.07 கிராம்" என்று முழுதாக எழுதுகிறேன். அதன் பிறகு அந்தத் தொல்லை வந்ததில்லை.

பழமையான நாணயமாகவே இருந்தால் கதை வேறு. உங்கள் நாட்டிலிருந்து அது வெளியே போகலாமா என்பதை விற்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டும் அதற்கு மேலும் ஆன நாணயம் தொல்பொருள், தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. போகும் நாட்டின் சட்டமும் குறுக்கே வரலாம். அமெரிக்கா 2007இல் சைப்ரஸின் பழங்கால நாணயங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, 2009இல் சீனாவின் சில பழைய நாணய வகைகளுக்கும் போட்டது. இந்த வகை நாணயங்களை அனுப்பிப் பார்க்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். பறிமுதலானால் பணம் மட்டும் போகாது, சட்டச் சிக்கலும் உங்கள் பெயரில் வந்து நிற்கும்.

படிவத்தில் சுங்க வகை எண் கேட்பார்கள். நாணயவியல் மதிப்புள்ள சேகரிப்புப் பொருள் 9705 என்ற தலைப்பில் வரும், பொதுவாக நாணயம் என்றால் 7118. எந்த எண் என்பதைப் பொறுத்து வரி மாறலாம். பிரிட்டனில் 9705இல் வரும் பொருளுக்கு இறக்குமதியின்போது மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான் ஆகும், வழக்கமான விகிதமோ 20. இந்த எண்ணைச் சரியாகப் போட்டுக்கொடுப்பது வாங்குபவருக்கு நீங்கள் செய்யும் நல்ல உதவி.

வரி விதிகள் அண்மைக்காலத்தில் நிறைய மாறிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொருள்களுக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1 முதல் இல்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியின்றி நுழைய இருந்த சலுகையும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பழக்கத்தில் "வரி எதுவும் வராது" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வரி வரலாம், அது வாங்குபவர் பொறுப்பு என்று விற்பனை அறிவிப்பிலேயே எழுதிவையுங்கள். வரியைக் கட்ட மறுத்துப் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்பி வரும் பொருளுக்கு உங்கள் நாட்டிலேயே வரி கேட்கக்கூடும். அனுப்பியபோது வாங்கிய ரசீதும் படிவ நகலும் கையில் இருந்தால், நம் பொருளே திரும்பி வருகிறது என்று காட்ட முடியும்.

பொதி கட்டுவதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நாணயம் அசையவே கூடாது. உறையில் இட்ட நாணயத்தை இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து நான்கு பக்கமும் ஒட்டி, பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கலகல என்று சத்தம் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே அறிவித்தது போல. மற்றது, பிவிசி கலந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம். பார்சல் வெப்பத்தில் எங்காவது வாரக்கணக்கில் கிடந்தால், அது நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பை ஏற்றிவிடும்.

ரசீதில் எடை அச்சாகிறதா என்று பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இது. நான் நாணயத்தைத் தனியாகவும், கட்டி முடித்த பெட்டியைத் தனியாகவும் தராசில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வேன். பிறகு தபால் ரசீதில் இருக்கும் எடையோடு ஒப்பிடுவேன். ஒருவர் பெட்டி காலியாக வந்தது என்று புகார் செய்தார். தபால் ரசீதில் பதிவான எடை, நாணயம் உள்ளே இருந்தால் மட்டுமே வரக்கூடிய எடை. அதைக் காட்டியதும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாணயத்தின் இரு பக்கங்களோடு விளிம்பையும் படம் எடுத்துவையுங்கள். தாலரின் விளிம்பில் எழுத்துகள் புடைத்து நிற்கும். ஒவ்வொரு நாணயத்திலும் இருக்கும் சின்னச் சின்னக் கீறல்கள் அதன் கைரேகை மாதிரி. யாராவது வேறொரு நாணயத்தை மாற்றித் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படங்கள்தான்.

பணம் வந்துவிட்டது என்பதால் விற்பனை முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பேபாலில் பணம் செலுத்தியவர் 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். "பொருள் வரவில்லை" என்று வரும் புகாருக்கு, அவர் கொடுத்த முகவரியில் சேர்ந்ததற்கான டிராக்கிங் பதிவு வேண்டும். விலை கூடிய நாணயமென்றால் கையொப்பமும் வாங்குவது நல்லது. இடையில் வேறொரு நாட்டில் இருக்கும் சரக்கு அனுப்பும் முகவரின் விலாசத்தை யாராவது கொடுத்தால் நான் ஏற்பதில்லை. அங்கே சேர்ந்ததோடு என் சாட்சி முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாணயத்துக்கு என்ன ஆனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது உங்களிடம் கேட்டவருக்கு வருகிறேன். அவர் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை, வரியை மிச்சப்படுத்த நினைக்கும் சாதாரண சேகரிப்பாளராகவே இருக்கலாம். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய்யான அறிவிப்பு. மதிப்பைக் குறைத்து எழுதினால், தொலைந்துபோனபோது அந்தக் குறைந்த மதிப்புக்கு மேல் ஒரு காசும் கேட்க முடியாது. அதாவது அவர் மிச்சப்படுத்தும் வரிக்காக இழப்பு முழுவதையும் நீங்கள் சுமக்கிறீர்கள்.

அவருக்கு இப்படி எழுதுங்கள்: "காப்பீட்டுத் தபாலில் மட்டுமே அனுப்புவேன். படிவத்தில் உண்மையான விலையையும் சேகரிப்பு நாணயம் என்றும் குறிப்பிடுவேன். அனுப்பும் செலவு இவ்வளவு. உங்கள் நாட்டு வரி உங்களுடையது." நாணயத்தை விரும்பிக் கேட்டவர் இதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். எனக்கு வழக்கமாக வாங்கும் வெளிநாட்டு நண்பர்கள் பலர் முதலில் உங்களவரைப் போலத்தான் கேட்டார்கள். தான் சொன்ன வழியிலேயே அனுப்பச் சொல்லி இரண்டாவது முறையும் வற்புறுத்தினால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். அவர் நாடு நாணயத்தை ஏற்காத நாடு என்று பட்டியலில் தெரிந்தால், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், பாவம், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.