பக்கத்து ஆறுகள், ஒரே மீன், வேறு குரோமோசோம்கள்

கேள்வி: அடுத்தடுத்த ஆறுகளில் பிடிபடும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மீன்களின் குரோமோசோம்களை ஆய்வாளர்கள் ஒப்பிடுவது ஏன்? எண்ணிக்கை மாறினால் அவை வேறு இனங்கள் என்று கொள்ளலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எண்ணிக்கையை மட்டும் கொண்டு அப்படி முடிவு செய்ய இயலாது, ஆனால் அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிடவும் கூடாது. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் 'ட்ராயிரா' என்ற மீன் இதற்கு நல்ல சான்று. இதன் அறிவியல் பெயர் ஹோப்லியாஸ் மலபாரிகஸ். 1794இல் பெயரிட்ட ஜெர்மானிய மீனியலாளர் ப்ளாக், இது இந்தியாவிலிருந்து வந்தது என்று தவறாகக் கருதியதால்தான் மலபார் அதில் இடம்பெற்றது.

பிரேசிலின் பெர்டொல்லோ குழுவினர் பல ஆறுகளின் ட்ராயிராக்களை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் அவற்றை 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு குரோமோசோம் வகைகளாகப் பிரித்தனர். மேல் பரானா ஆற்றுப் படுகையில் உள்ள 'டி' வகையில் பெண்ணுக்கு 40, ஆணுக்கு 39 குரோமோசோம்கள். இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்து ஆணின் ஒய் குரோமோசோமாக ஆகிவிட்டதால் ஒன்று குறைகிறது. 'ஏ', 'பி' வகைகள் இரண்டிலும் 42தான் என்றாலும், 'பி'யில் ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் எக்ஸ், ஒய் எனப் பிரிந்து தெரிகின்றன, 'ஏ'யில் தெரிவதில்லை. எனவே, எண்ணுவதோடு நில்லாமல், கால்ச்சிசின் (நம் செங்காந்தளில் உள்ள அதே பொருள்) செலுத்திச் செல் பிரிதலை நடுவில் நிறுத்தி, சிறுநீரகச் செல்களைச் சாயமேற்றி, ஒவ்வொரு குரோமோசோமின் வடிவத்தையும் பட்டைகளையும், ஆண், பெண் இரண்டிலும் ஒப்பிட வேண்டும்.

ட்ராயிரா நெடுந்தூரம் வலசை போவதில்லை. குளங்களிலும் ஓட்டம் குறைந்த ஓடைகளிலும் தங்கிவிடுகிறது. சிறு கூட்டங்களாகப் பிரிந்து கிடப்பதால், ஒரு கூட்டத்தில் தோன்றும் குரோமோசோம் மாற்றம் அங்கேயே நிலைபெற்றுவிட வாய்ப்பு மிகுதி. அதே ஆறுகளில் வலசை போகும் ப்ரோக்கிலோடஸ் மீன்களில், படுகை மாறினாலும் பெரும்பாலும் 54 குரோமோசோம்களே காணப்படுகின்றன. இந்த ஒப்பீடுதான் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் நிலவமைப்பும் மீனின் வாழ்க்கைமுறையும் சேர்ந்து குரோமோசோமில் எழுதப்படுவதை இது காட்டுகிறது.

இரு வகைகள் ஒரே நீர்நிலையில் வாழும் இடங்களிலும் கலப்பு மீன்கள் அரிதாகவே கிடைத்துள்ளன. ஆகவே ட்ராயிரா என்ற ஒரு பெயரின் கீழ் பல இனங்கள் இருக்கின்றன என்ற கருத்து வலுவானது. குரோமோசோம் அமைப்பு வேறான பெற்றோரின் குஞ்சுகளில், இனச்செல்கள் (விந்து, முட்டை) உருவாகும்போது குரோமோசோம்கள் சரிவர இணைசேராமல் மலட்டுத்தன்மை ஏற்படக்கூடும். ஓர் ஆற்றின் மீன்குஞ்சுகளை அடுத்த ஆற்றில் விடும் முன், இரண்டின் குரோமோசோம்களையும் பார்த்தே ஆகவேண்டும் என்பேன்.