“எதைச் சொன்னால் வெல்லும், பிள்ளை?”

கேள்வி: அன்புள்ள அக்கா, சிறு வயதில் வவுனியாவிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்தவள் நான். பாராலீகல் (சட்டத்தரணியாக இல்லாமலே சில சட்ட வேலைகளைச் செய்ய உரிமம் பெறுபவர்) படித்து, உரிமமும் பெற்று, அகதிக் கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. புதிதாக வருகிறவர்களின் கதையைக் கேட்பது, அதை ஆங்கிலத்தில் எழுதுவது, மொழிபெயர்ப்பாளர் என்று கையொப்பமிடுவது எல்லாம் நான்தான். வருகிறவர்களோ, “எதைச் சொன்னால் வெல்லும் என்று உனக்குத் தெரியும்தானே, நீயே பார்த்துச் சேர்த்துவிடு பிள்ளை” என்கிறார்கள். மறுத்தால், “நீயும் வெள்ளைக்காரியாகிவிட்டாய்” என்று முகத்தைத் திருப்புகிறார்கள். கேட்ட கதைகள் இரவில் தூங்கவிடுவதில்லை. போதாக்குறைக்கு, குடும்பத்தவரைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் படிவம் நிரப்பித் தரச் சொல்லி உறவுக்காரர் சனி ஞாயிறுகளில் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். காசும் தருகிறோம் என்கிறார்கள். நான் இந்த வேலைக்கு ஏற்றவள்தானா?
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

ஏற்றவள்தான். அந்தச் சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“எதைச் சொன்னால் வெல்லும்” என்று கேட்கிறவரைப் பொய்யர் என்று நினைக்காதீர்கள். சோதனைச் சாவடியில் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னவன் வீடு திரும்பினான், தவறிச் சொன்னவன் திரும்பவில்லை என்ற காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். அதிகாரி முன்னால் அவர் கேட்க விரும்புவதைச் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்கு உயிரோடு ஊறிய பழக்கம். போதாததற்கு வழியில் ஏஜென்ட் ஒரு கதை சொல்லிக் கொடுத்திருப்பான். இங்கே இறங்கியதும், முன்பே வந்து வென்றவர் தன் கதையை இரவல் தரத் தயாராக இருப்பார். ஆகவே கோபப்படாமல் கேளுங்கள். ஆனால் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.

ஏன் கூடாது என்பதை அவர்களுக்குத் தமிழில் விளக்கவேண்டியதும் உங்கள் வேலைதான். “விதி அப்படி” என்று சொன்னால் எடுபடாது. 1985க்கு முன்பு கனடாவில் ஓர் அகதியின் கோரிக்கையை, அவரை நேரில் காணாமலே, அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து நிராகரிக்க முடிந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும் இடத்தில், கோரிக்கையாளர் வாய்மொழியாகத் தன் கதையைச் சொல்ல இடம் தரவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. இன்றைக்கு நம்மவர், அகதிக் கோரிக்கைகளை விசாரித்து முடிவுசெய்யும் குடிவரவு, அகதிகள் சபையின் முன் உட்கார்ந்து தன் வாயால் பேசுகிறார் என்றால் அந்தத் தீர்ப்பே காரணம். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காகிதத்தில் நீங்கள் எவ்வளவு அழகாகச் சேர்த்து எழுதினாலும், விசாரணை நாளில் கேள்வி அவரிடம்தான் போகும். நீங்கள் சேர்த்த மூன்றாவது கைது எந்த மாதம், எந்த முகாம், யார் வந்து மீட்டார்கள் என்று கேட்டால் அவர் விழிப்பார். அந்த ஒரு விழிப்பில், உண்மையாக நடந்த இரண்டு கைதுகளும் சேர்ந்து அடிபடும்.

சட்டம் அவருக்குச் சாதகமாகத்தான் தொடங்குகிறது. சத்தியம் செய்து சொன்னதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மையென்றே கொள்ளவேண்டும் என்பது மல்டொனாடோ வழக்கிலிருந்து வரும் நெறி. சேர்த்த வரி அந்தக் காரணத்தை நாமே எடுத்துக் கொடுப்பதாகிவிடும். அப்படியே தப்பித்து வென்றாலும் பொய் காலாவதியாவதில்லை. முக்கியமான உண்மையைத் திரித்தோ மறைத்தோ பெற்ற அகதி நிலையைப் பல ஆண்டுகள் கழித்தும் ரத்துசெய்யச் சொல்லி அரசாங்கம் சபையிடம் போகலாம். வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிறகு அந்தக் கடிதம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் அதோடு அடங்கிவிடுவார்கள்.

சேர்க்க முடியாது என்றால் நீங்கள் செய்யக்கூடியது என்ன? நேரம் கொடுப்பது. நம்மவர்கள் பெரிய சம்பவத்தை மட்டும் சொல்லிவிட்டு, வழக்கைத் தாங்கக்கூடிய சின்ன விஷயங்களைச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். “பிடித்தார்கள், அடித்தார்கள், விட்டார்கள்” என்று மூன்று சொல்லில் முடிப்பார் ஒருவர். பொறுமையாகக் கேட்டால்தான், விடுவிப்பதற்குக் கொடுத்த காசுக்காக மோட்டார் சைக்கிளை விற்றது வெளியே வரும். யாருக்கு விற்றார்? அந்த ஆளிடமிருந்து ஒரு கடிதம் வாங்க முடியுமா? ஒவ்வொரு கிழமையும் முகாமில் போய்க் கையெழுத்து வைத்தாராம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு போனார்? பக்கத்து வீட்டுக்காரர் சீனி இரவல் கேட்டு வருவதை நிறுத்தியது எப்போது? இரவல் கதையில் இவை இருக்காது.

தேதிகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். “நல்லூர்த் தேருக்கு முதல் நாள்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்” என்பார் ஒரு அம்மா. உங்கள் சட்டத்தரணிக்கு அது ஒன்றும் சொல்லாது. நீங்களோ அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து, இருபத்தைந்து நாள் திருவிழாவில் இருபத்துநான்காம் நாள் தேர் எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்து, அதற்கு முந்திய நாளைக் குறித்துக்கொள்ளலாம். ஆங்கில வாக்குமூலத்திலும் அவர் நினைவில் வைத்திருக்கும் விதமாகவே எழுதுங்கள்: தேருக்கு முதல் நாள் என்று சொன்னார், அது இன்ன தேதி ஆகிறது என்று. வெறும் தேதியை மட்டும் எழுதினால் விசாரணையில் அவர் அதை மறந்துவிடுவார், திருவிழாவை மறக்கமாட்டார். பெயரும் அப்படித்தான். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பது கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் கிடக்கும். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து விளக்கம் எழுதிவிடுங்கள்.

இனி உங்கள் கையொப்பம். கோரிக்கையின் அடிப்படையை எழுதித் தரும் பி.ஓ.சி. (Basis of Claim) படிவத்தில் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி என்று ஒரு பகுதி இருக்கிறது. முழுப் படிவத்தையும் இணைப்புகளையும் அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டினேன் என்று அதில் நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியானால் வாசியுங்கள், கடைசி வரிவரை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும், நீ கையெழுத்து வை என்று அலுவலகத்தில் அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். சட்டத்தரணியோடு மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை. அந்த இடத்தில் எழுதப்படுவது உங்கள் பெயர். வாசித்துக் காட்டும்போதுதான் “இல்லைப் பிள்ளை, அது தம்பியைப் பிடித்தபோது” என்று அவர் திருத்துவார். அனுப்பிய பிறகு தவறு தெரிந்தாலும் வழி இருக்கிறது. மாற்றிய இடத்தை அடிக்கோடிட்டு, கையொப்பமும் தேதியும் இட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாகச் சபைக்குக் கிடைக்கச் செய்யவேண்டும்.

விசாரணை அறையில் மொழிபெயர்ப்பவர் சபை நியமிக்கும் ஆள். அதற்குக் கோரிக்கையாளர் காசு கட்டவேண்டியதில்லை. மட்டக்களப்புப் பேச்சையோ மன்னார்ப் பேச்சையோ சென்னையில் வளர்ந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் தடுமாறிக் கேட்டால் அது உங்கள் காதில்தான் முதலில் விழும். உடனே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புப் பிழையை முதல் சந்தர்ப்பத்திலேயே எழுப்பவேண்டும். தீர்ப்பு பாதகமாக வந்த பிறகு எழுப்பினால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்பார்கள்.

“வெள்ளைக்காரி” என்றார்களா, என்னையும் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் கண்டால் சுகம் விசாரித்துவிட்டுப் போங்கள். வழக்கைப் பற்றி அங்கே வாய் திறக்கவேண்டாம், அவர் திறந்தாலும்.

தூக்கம் வராதது லேசான விஷயமில்லை. உங்கள் நிலைமையில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. கேட்டதை அம்மாவிடம்கூடச் சொல்லி ஆற முடியாது; இரகசியம் காக்கும் கடமை ஒருபுறம், வந்தவர் அம்மாவின் ஊர்க்காரராக இருக்கலாம் என்பது மறுபுறம். சித்திரவதை பற்றிய வாக்குமூலங்களை ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்கவேண்டாம் என்று அலுவலகத்தில் கேளுங்கள், அது சலுகையில்லை. பெயர் விவரம் சொல்லாமல் பேசுவதற்கு ஓர் ஆலோசகரைத் தேடிக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர்களை, சித்திரவதைக்குள்ளானோருக்காக ரொறன்ரோவில் 1977இலிருந்து இயங்கும் கனேடிய நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். அவர்களுடைய காயம் முழுவதையும் நீங்கள் ஒருவரே சுமக்கவேண்டியதில்லை. உங்களுக்கும் அப்படி ஏதேனும் நடந்திருந்து, ஒருவர் சொல்வது அதைக் கிளறினால் அந்த வழக்கை வேறொருவரிடம் மாற்றச் சொல்லுங்கள். காரணம் விளக்கவேண்டியதில்லை.

உறவுக்காரர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ஒன்ராறியோ சட்டச் சங்கம் தந்த பாராலீகல் உரிமத்தோடு, குடிவரவு விஷயங்களில் நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது குடிவரவு, அகதிகள் சபையின் முன்னால் வரும் வேலைகளை மட்டும். ஸ்பொன்சர் விண்ணப்பம் அதில் சேராது. சட்டத்தரணியின் மேற்பார்வையில் அலுவலகத்தில் செய்வது வேறு, சனிக்கிழமை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காசு வாங்கிச் செய்வது வேறு. பெரியப்பா இருநூறு டொலரை மடித்துக் கையில் வைத்துவிட்டுப் போனாலும் அது கட்டணம்தான். காசில்லாமலும் செய்யாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். விண்ணப்பம் திரும்பி வந்தால், “அவள்தானே நிரப்பினாள்” என்ற பேச்சு அடுத்த கலியாண வீட்டில் உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்குப் படிவங்களில் இலவசமாக உதவும் குடியேற்றச் சேவை அமைப்புகள் ஸ்காபரோவிலேயே இருக்கின்றன. முகவரியை ஒரு தாளில் எழுதி வாசலிலேயே வைத்துக் கொடுங்கள்.

தொலைபேசி எண்ணையும் எல்லோருக்கும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் தனி எண் ஒன்று கேட்டு வாங்கி, மாலை ஆறு மணிக்கு அணைத்துவிடுங்கள்.