ஏரிக்கரையில் எந்த ஊரில் தங்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் செப்டம்பரில் ஏழு நாள் இத்தாலி போகிறோம். மிலான், வெரோனா, வெனிஸ் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆனால் ஏரிக்கரையில் ஒரே ஊரில் தங்க ஆசை. கார் ஓட்ட மாட்டோம், எனக்கு மூட்டுவலி வேறு. பெல்லாஜியோவா, சிர்மியோனேயா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம் சகோதரி. கார்டா ஏரியின் தென்கரையில் இருக்கும் டெசென்ஸானோவில் தங்குங்கள்.

கோமோ ஏரிக்கரையில் இருக்கும் பெல்லாஜியோ அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ரயில் கிடையாது. பெரும்பாலும் படகில் எதிர்க்கரை ஊரான வரென்னா போய்த்தான் ரயில் ஏற வேண்டும். கடைவீதிகளே கல்படிக்கட்டுகள், ஒரு கையில் பெட்டியும் மறுகையில் முழங்காலுமாக நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சிர்மியோனே, கார்டா ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலநாக்கு. கோட்டைப் பாலத்தைத் தாண்டித்தான் பழைய ஊருக்குள் நுழைய முடியும். பகலில் அங்கே கால் வைக்க இடமிருக்காது.

டெசென்ஸானோ மிலான்–வெனிஸ் ரயில் பாதையிலேயே இருக்கிறது. வெரோனாவுக்கு அரை மணிகூட ஆகாது. மிலானுக்கு ஏறக்குறைய ஒரு மணி, வெனிஸுக்கு ஒன்றரை மணிக்குச் சற்றுக் கூட. தினமும் பெட்டி கட்டாமல், காலையில் கிளம்பி ராத்திரி அதே அறைக்குத் திரும்பிவிடலாம். உங்கள் முழங்காலுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. ஸ்டேஷன் பலகையில் சிர்மியோனே பெயரும் சேர்ந்திருக்கும், குழம்ப வேண்டாம். சிர்மியோனேவுக்குப் படகில் சுமார் இருபது நிமிடம். காலை முதல் படகிலேயே போய்விடுங்கள், கூட்டம் வருவதற்குள் பார்த்து முடிக்கலாம்.

ஒரு குறை உண்டு. ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது, ஏரிக்கரை பள்ளத்தில். இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடம், ஏறும்போது மூச்சு வாங்கும். அதனால் தண்ணீரை ஒட்டி அறை தேடாமல், இரண்டுக்கும் நடுவில் எடுங்கள். பெட்டியோடு வரும் நாளில் டாக்ஸி பிடியுங்கள்.

அப்புறம், மலை செங்குத்தாக ஏரியில் இறங்கும் காட்சி வடக்கேதான். அந்தப் பக்கம் ரயில் இல்லை, பஸ்ஸோ படகோதான். அங்குள்ள மால்சேசினே ஊருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கிருந்து ரோப் கார் சுழன்றபடியே மோன்தே பால்டோ மலைமேல் கொண்டுபோய் விடும். ஏற்றம் ஏறாமலே முழு ஏரியையும் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை மட்டும் எங்கும் போகாதீர்கள். டெசென்ஸானோ ஏரிக்கரைச் சாலை நெடுகச் சந்தை கூடும்.

வேகரயில் டிக்கெட்டை முன்பே எடுத்தால் மலிவு. சாதாரண ரயிலுக்கு அவசரமில்லை, விலை மாறாது. ஆனால் காகித டிக்கெட் என்றால், ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம்.