இலை பார்த்து எழுத: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாணவர்களுடன் இலைத் தொகுப்பு செய்கிறோம். பூவரசு, அரசு இரண்டுக்குமே ‘இதய வடிவம்’ என்று எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பிரித்துக் காட்டுவது? (ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: காம்பு சேரும் இடத்தில் இலை உள்வாங்கி, இருபுறமும் புடைத்திருந்தால் அடி இதய வடிவம். பூவரசுக்கு இது பொருந்தும். அரசிலையின் அடி பல நேரம் வெட்டிவிட்டதுபோல் நேராகவே இருக்கும். பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நுனிக்குத் தனி வரி ஒதுக்குங்கள். பூவரசு சிறுகச் சிறுகக் குறுகிக் கூராகும்: நீள்கூர் நுனி. அரசு சட்டென்று ஒடுங்கி, 2 முதல் 5 செ.மீ. வரை வாலாக இழுத்துக்கொண்டு போகும்: வால்நுனி.

உடல் வடிவத்துக்கு அளவுகோல் போதும். அகலம் அதிகமுள்ள இடம் பாதிக்குக் கீழே, காம்புப் பக்கம் இருந்தால் முட்டை வடிவம். நடுவில் இருந்தால் நீள்வட்டம். புன்னை அப்படித்தான், அதன் நுனி உருண்டோ லேசாகக் குழிந்தோ இருக்கும். நுனிப் பக்கம் அகன்றிருந்தால் தலைகீழ் முட்டை.

கொழுந்தை எடுக்காதீர்கள், முற்றிய இலை குறைந்தது ஐந்து பாருங்கள். பூச்சி கடித்த நுனியை ‘மழுங்கியது’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. பையன்கள் பீப்பீ சுருட்டிய பூவரசிலையும் வேண்டாம். செய்தித்தாளில் வைக்கும்போதே அரசின் வாலை நீவி நேராக்கிவிட்டுப் பாரம் வையுங்கள். மடிந்தபடி காய்ந்துவிட்டால் அப்புறம் நிமிர்த்த முடியாது, ஒடிந்துவிடும்.

கேள்வி: வரப்பில் ஆரைக்கீரை என்று பறித்தோம், புளிக்கிறதே? (திருவையாறு)

பதில்: பறித்தது புளியாரை. அதில் மூன்று சிற்றிலை, ஒவ்வொன்றின் நுனியிலும் பள்ளம்; மஞ்சள் பூவும் இருக்கும். ஆரைக்கு நான்கு சிற்றிலை, விசிறிபோல் உருண்ட நுனி. அது பெரணி இனம், பூக்கவே பூக்காது. புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: தாமரை, அல்லி: இலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? (திருவாரூர்)

பதில்: தாராளமாக. தாமரையில் வட்டம் முழுசாக இருக்கும், காம்பு இலையின் கீழ்ப்பக்கத்தில் நடுவாக ஒட்டும்: கேடய வடிவம். அல்லியில் விளிம்பிலிருந்து காம்புவரை ஒரு வெட்டு போகும். சேம்பு இரண்டுக்கும் நடுவே: வெட்டும் உண்டு, ஆனால் காம்பு வெட்டு முடியும் இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும்.